புயலின் வேகத்தைப் படத்தைப் பார்த்து எப்படிக் கணிக்கிறார்கள்?

நாகலூர்த் தோட்டம் எழுதியது:

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எனக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. கார்த்திகையில் வங்கக் கடலை மீனவர்களுக்கு அடுத்தபடியாக உற்றுப் பார்ப்பவர்கள் எங்களைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள். பழம் பறிக்கும் காலமும் புயல் காலமும் ஒன்றாக வந்து தொலைகின்றன. பழுத்த பழம் கனமழையில் நனைந்தால் தோல் வெடித்து மண்ணில் உதிர்கிறது. பறித்துவிட்டாலோ, களத்தில் காயப்போட்டது வெயில் இல்லாமல் பூசணம் பிடிக்கிறது. பறிப்பதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்ய எனக்குக் கிடைப்பதெல்லாம் கைப்பேசியில் வரும் செயற்கைக்கோள் படமும் வானிலைத் துறையின் அறிக்கையும்தான்.

குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. போன முறை நள்ளிரவில் படத்தைத் திறந்தால், கடல் மேல் தமிழ்நாடு அளவுக்குச் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அறிக்கையோ 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்ற இடத்திலேயே நின்றது. மறுநாள் காலை அந்தத் திட்டு பாதியாகச் சுருங்கிவிட்டது. அப்பாடா என்று ஆட்களைப் பறிப்புக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், 'புயலாக வலுப்பெற்றது' என்று அறிவிக்கிறார்கள். மேகம் குறைந்தால் புயல் வலுக்குமா? அதே நேரத்தில் வெளிநாட்டுத் தளம் ஒன்று நம் அறிக்கையில் இருப்பதைவிடக் கூடுதலான வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இதில் யாரை நம்புவது?

ஆங்கில அறிக்கையில் 'டி 2.5' என்று ஓர் எண் வருகிறது. அது என்ன? நடுக்கடலில் காற்றை அளக்க ஆளே இல்லாதபோது 'மணிக்கு 65 கிலோமீட்டர்' என்று எதை வைத்து எழுதுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை. இந்தப் பருவத்துப் பறிப்பு முடிந்துவிட்டது.


கொண்டலாம்பட்டிக்காரர் எழுதியது:

எதை வைத்து எழுதுகிறார்கள் என்றா கேட்கிறீர்கள்? குத்துமதிப்புதான். 80 கி.மீ. வேகத்தில் காற்று என்று தொலைக்காட்சியில் நாளெல்லாம் ஓட்டினார்கள். எங்கள் மாடியில் காயப்போட்ட வேட்டி கொடியை விட்டு அசையவில்லை. படத்தில் சிவப்பு இருந்தால் குடையை எடுங்கள், இல்லாவிட்டால் வேலையைப் பாருங்கள். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.


பழைய வரைபடம், அஸ்தம்பட்டி எழுதியது:

கொண்டலாம்பட்டி நண்பருக்கு முதலில் ஒரு வார்த்தை. அந்த 80 கி.மீ., புயலின் மையத்தை ஒட்டிக் கடல் மேல் வீசும் காற்றுக்கு. நாம் சேலத்தில், புதுச்சேரிக் கடற்கரையிலிருந்தே ஏறக்குறைய 180 கி.மீ. உள்ளே, மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் வேட்டியின் வேகத்தை யாரும் கணித்துச் சொல்லவில்லை. குத்துமதிப்பு என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குத்துமதிப்புக்கு ஒரு முறையும் கறாரான விதிகளும் உண்டு. வேலையில் இருந்த காலத்தில் செயற்கைக்கோள் படங்களோடு மல்லுக்கட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. தோட்டக்காரர் விரிவாகக் கேட்டிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த 'டி' எண்ணை வகுத்தவர் வெர்னன் துவோராக் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர். 1970களின் தொடக்கத்தில் இந்த முறையை உருவாக்கினார். 1975இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது, 1984இல் செம்மைப்படுத்திய விரிவான அறிக்கையாக வந்தது. அந்தக் காலத்தில் மேற்குப் பசிபிக் கடலில் அமெரிக்க ராணுவ விமானங்கள் புயலுக்குள்ளேயே புகுந்து மைய அழுத்தத்தை அளந்து திரும்பின. விமானம் அளந்த எண்ணையும் அதே நேரத்துச் செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்து, மேகம் இந்த அளவுக்குச் சுருண்டிருந்தால் காற்று இந்த அளவுக்கு இருக்கும் என்று அவர் வரையறுத்தார். 1987இல் பசிபிக்கில் அந்த விமானங்களை நிறுத்திவிட்டார்கள். வங்கக் கடலில் அப்படி வாடிக்கையாகப் பறக்கும் ஏற்பாடே கிடையாது. அதனால் நமக்கு இன்றுவரை இதுதான் ஊன்றுகோல். உங்கள் தோட்டத்துப் பழைய மேஸ்திரி, கிளையில் பிடித்திருக்கும் காயைப் பார்த்தே இந்த ஆண்டு இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லிவிடுகிறார் அல்லவா? காயை எண்ணவும் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லவும் இல்லை. அந்த மாதிரிதான் இதுவும்.

எண் 1இல் தொடங்கி அரை அரையாக ஏறி 8 வரை போகும். 1.5 என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 2 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 2.5ஐத் தொட்டால் காற்று 35 நாட், அதாவது மணிக்குச் சுமார் 65 கி.மீ.; அங்கேதான் புயல் என்ற தகுதியும் அதற்கென்று ஒரு தனிப் பெயரும் கிடைக்கின்றன. 3.5இல் 55 நாட், தீவிரப் புயல். 4இல் 65 நாட், மிகத் தீவிரப் புயல். 5இல் 90 நாட். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைச் சின்னாபின்னமாக்கிய சூப்பர் புயலுக்குக் கொடுத்த எண் 7. அது 140 நாட், மணிக்கு 260 கி.மீ. படிகள் ஒரே உயரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2இலிருந்து 2.5க்குப் போனால் 5 நாட் கூடுகிறது, 6இலிருந்து 6.5க்குப் போனால் 12 நாட் கூடுகிறது. ஆகவே வலுவான புயலில் அரை எண் பிசகினால் அது பெரிய பிசகு.

இனிச் செய்முறை. முதல் வேலை மையத்தைக் கண்டுபிடிப்பது. கேட்க எளிதாக இருக்கும், பாதிச் சண்டை இதில்தான் நடக்கும். கண், அதாவது நடுவில் மேகமில்லாத வட்டம், திறக்காத புயலில் மையம் மேகத்துக்கு அடியில் எங்கோ ஒளிந்திருக்கும். ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. பல மணி நேரத்துப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, தாழ்ந்த மேகங்கள் எந்தப் புள்ளியைச் சுற்றுகின்றன என்று பார்க்க வேண்டும். காலைச் சூரியன் சாய்வாக விழும்போது எடுத்த சாதாரண ஒளிப் படம் இதற்குப் பொன் போன்றது. உயர்ந்த மேகங்கள் நிழல் வீசும். தாழ்வான மேகத்தின் சுருட்டை தனியாகத் தெரியும்.

அடுத்து, மேகப் பட்டை அந்த மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறது என்று அளப்பது. நாங்கள் கையால் செய்த காலத்தில், 10 டிகிரிக் கோணத்தில் விரியும் சுருள் கோடு ஒன்றை ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து வைத்திருப்போம். அந்தத் தாளைப் படத்தின் மேல் வைத்து, சுருளின் கோடு மேகப் பட்டையின் உள்விளிம்போடு பொருந்தும் வரை திருப்பித் திருப்பிப் பார்ப்போம். பொருந்தியதும் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வட்டத்தில் பத்தில் எத்தனை பங்கு என்று எண்ணுவோம். பாதி வட்டம் வந்தால் 2.5. பத்தில் ஆறு, ஏழு பங்கு என்றால் 3. கிட்டத்தட்ட முழு வட்டம் என்றால் 3.5. வட்டத்தைத் தாண்டி மேலும் சுற்றிக்கொண்டால் 4. கொண்டலாம்பட்டி நண்பரே, மேகத்தின் பரப்பும் சிவப்பும் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை பாருங்கள். வளைவு மட்டும்தான் வருகிறது.

கண் திறந்துவிட்டால் கணக்கு மாறும். அப்போது, வெப்பத்தைப் பதியும் அகச்சிவப்புப் படத்தில் இரண்டு வெப்பநிலைகளைப் பார்ப்போம். கண்ணுக்குள் எவ்வளவு வெதுவெதுப்பு, அதைச் சுற்றிய மேக வளையத்தின் உச்சி எவ்வளவு குளிர்ச்சி. இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட எண் ஏறும். இதற்கென்றே துவோராக் ஒரு சாம்பல் நிற அளவுகோலை வைத்தார். அதில் மைனஸ் 64 முதல் 69 டிகிரி வரை கறுப்பு. 70ஐத் தொட்டதும் சட்டென்று வெள்ளை. புதிதாகப் பார்ப்பவருக்குத் தலைகால் புரியாது. ஆனால் வளையம் எந்தப் படியில் இருக்கிறது, முழுதாகச் சுற்றியிருக்கிறதா, எத்தனை அகலம் என்பதெல்லாம் ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். இன்று தளங்களில் வரும் சிவப்பும் ஊதாவும் அவரவர் விருப்பத்துக்குத் தீட்டிக்கொண்டவை. ஒரு தளத்தில் மைனஸ் 60 சிவப்பு, இன்னொன்றில் மைனஸ் 75 சிவப்பு. நிறத்தைப் பார்த்துப் பயப்படும் முன் ஓரத்தில் இருக்கும் அளவுக்கோட்டைப் படியுங்கள்.

இப்போது உங்கள் நள்ளிரவுத் திட்டுக்கு வருகிறேன். கடல் மேல் இடிமேகங்கள் பின்னிரவில் கிளர்ந்தெழுவது வாடிக்கை. அவற்றின் உச்சியிலிருந்து பரவும் மெல்லிய பனிமேகம் குடைபோல விரிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அகச்சிவப்புக் கருவிக்குத் தெரிவது அந்தக் கூரையின் வெப்பநிலை மட்டும்தான். அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. துவோராக் இந்தத் தோற்றத்துக்கென்றே தனி விதி எழுதி வைத்திருக்கிறார். மையத்தின் மேல் வளைவு எதுவும் தெரியாமல் குளிர்மேகம் போர்வை போட்டுக்கொண்டால், எண்ணை அவசரப்பட்டு ஏற்றாதே, நிறுத்தி வை என்பதுதான் அந்த விதி. பல நேரங்களில் வளர்ச்சி தடைப்பட்டிருப்பதன் அடையாளம் அது. பார்க்க மிகப் பயங்கரமாகத் தோன்றும் படம் இது என்பதால், தொலைக்காட்சிக்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

காலையில் அந்தப் போர்வை கலைந்ததும் உள்ளே இருந்த பட்டைகள் வெளியே தெரிந்திருக்கும். அவை பாதி வட்டம் சுற்றியிருக்கும், எண் 2.5 ஆகியிருக்கும். மேகம் குறைந்ததால் புயல் வலுத்தது என்பது சரியில்லை. ஒழுங்கு கூடியிருக்கிறது, கூரை விலகியதால் அது கண்ணில் பட்டிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உயரத்தில் ஒரு திசைக் காற்றும் கீழே வேறு திசைக் காற்றும் இழுத்தால், மேகக் கூட்டம் ஒரு பக்கம் தள்ளிப்போய், மையம் மொட்டையாக வெளியே நிற்கும். அப்போது மையத்துக்கும் அடர்ந்த மேக விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். விளிம்பை ஒட்டியே மையம் இருந்தால் 3 வரை கொடுக்கலாம். ஒரு டிகிரிக்கு மேல், அதாவது 110 கி.மீ.க்கு மேல் விலகினால் 2, 1.5 என்று இறங்கிவிடும். நம் கரைக்கு வரும் பல தாழ்வு மண்டலங்கள் இப்படித்தான் இழுபறியில் இருக்கும்.

எண்ணை ஒரேயடியாகத் தாவவிடவும் கூடாது. சாதாரணமாக வளரும் புயல் ஒரு நாளைக்கு ஓர் எண் ஏறும் என்பது அவர் கண்ட சராசரி. நேற்றைய படத்தை இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வைத்து வளர்ந்ததா, தேய்ந்ததா என்று பார்த்து, அளந்த எண் எதிர்பார்ப்பிலிருந்து வெகுவாக விலகினால் கட்டுப்படுத்த வேண்டும். இறங்கும்போது இன்னொரு விதி இருக்கிறது. மேகம் கலையத் தொடங்கினாலும் கடல் மேல் காற்று உடனே அடங்காது. அதனால் படத்துக்கான எண் இறங்கினாலும் காற்றுக்கான எண்ணை ஏறக்குறைய 12 மணி நேரம் இறக்காமல் பிடித்து வைப்பார்கள். 'மேகமே இல்லை, இன்னும் புயல் என்கிறார்களே' என்று அங்கலாய்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டுத் தளத்தின் கூடுதல் வேகத்துக்குப் பாதிக் காரணம் கடிகாரம். அமெரிக்கக் கடற்படை மையம் ஒரு நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்லும். நம் வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியைச் சொல்லும். நேரம் குறையக் குறைய எண் பெரிதாகத் தெரியும். மீதிக் காரணம், படத்தைப் படிப்பவரின் கண். 2013 அக்டோபரில் பைலின் ஒடிசாவை நோக்கி வந்தபோது அமெரிக்க மையம் 140 நாட் என்றது, நம்மவர்கள் 115 நாட் என்றார்கள். நிமிடக் கணக்கை மட்டும் வைத்து அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க முடியாது. சூப்பர் புயலைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று உலகமே நம் துறையைக் கரித்துக்கொட்டியது. அவர்கள் மணிக்கு 215 கி.மீ. என்பதிலிருந்து இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

பழகிய இருவர் ஒரே படத்தைப் பார்த்தால் அரை எண் வித்தியாசம் வருவது சகஜம். அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்ததும் 73 கி.மீ. என்று சுத்தமாக ஓர் எண்ணைச் சொல்பவரைத்தான் நான் நம்ப மாட்டேன்.


மேட்டூர் இயற்பியல் எழுதியது:

ஐயா, படித்து முடித்ததும் பழைய படங்களைத் தேடி எடுத்துச் சுருளை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. முதுகலை இயற்பியல் படிக்கிறேன். தெரிந்ததைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

கூரைக்கு அடியில் தெரியாது என்றீர்கள். நுண்ணலைக் கருவி உள்ள செயற்கைக்கோள்கள் அந்தப் பனிமேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அவற்றில் மழைப் பட்டைகளும் உருவாகிக்கொண்டிருக்கும் கண்ணும் தெரியும். குறை என்னவென்றால் அவை தாழ்வான பாதையில் சுற்றுபவை; ஒரே இடத்துக்கு மேல் நாளுக்கு ஓரிரு முறைதான் வரும். நம் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் போன்றவை புவிநிலைச் சுற்றுப்பாதையில் நின்று ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு முறை படம் எடுக்கின்றன. இரண்டின் நேரத்தையும் மாற்றி அமைத்திருப்பதால் கால் மணிக்கு ஒரு படம் கிடைக்கிறது. அகச்சிவப்பில் ஒரு புள்ளி 4 கி.மீ.; சிறிய கண் அதற்குள் மங்கிப்போய்விடும். இவை தவிர, கடல் மேற்பரப்பு காற்றில் எவ்வளவு சுருங்கிச் சொரசொரப்பாகிறது என்பதை ரேடார் அலையால் அளந்து காற்றைச் சொல்லும் கருவிகளும் உண்டு. 2022 நவம்பரில் இஸ்ரோ ஏவிய இஓஎஸ்-06இல் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் கனமழையிலும் மிக வலுவான காற்றிலும் அது தடுமாறும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் துவோராக் முறையைக் கணினியே செய்யும்படி ஆக்கியிருக்கிறார்கள். மனிதர் கண் தேவையில்லை என்கிறார்கள். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?


பழைய வரைபடம், அஸ்தம்பட்டி எழுதியது:

நன்றாகச் சொன்னாயம்மா. கணினி முறை நல்ல முறைதான், நம் துறையும் அதைப் பார்க்கிறது. கண் தெளிவாகத் திறந்த புயலில் அதை நம்பலாம். அலுக்காமல் அரை மணிக்கு ஒரு முறை அளக்கும், அதற்குத் தூக்கமும் வராது. கண் இல்லாத சவலைப் புயலில் மையத்தைத் தவறான இடத்தில் வைத்துவிடும். மையம் தவறினால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் துல்லியமான தவறு. நீ சொன்ன நுண்ணலைப் படத்தை ஊட்டித்தான் அதைத் திருத்துகிறார்கள். நம் கரைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை சவலைகள் என்பதால், பழகிய கண்ணுக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை இருக்கிறது. சுருளை வைத்துப் பார்க்க ஆசைப்பட்டாய் அல்லவா? பழைய வர்தா, நிவர் படங்களில் தொடங்கு. விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகுவதுதான் முறை.

இன்னொன்று. கரைக்குச் சில நூறு கி.மீ. தூரத்துக்குள் வந்துவிட்டால் சென்னை, காரைக்கால் ரேடார்கள் பிடித்துக்கொள்ளும். கடலில் மிதவைகளும் நிற்கின்றன. அதன்பின் படம் இரண்டாம் சாட்சிதான்.


நாகலூர்த் தோட்டம் எழுதியது:

ஐயா, கைப்பேசியில் இவ்வளவு நீளமான பதிலை இதுவரை வரி விடாமல் படித்ததில்லை. திட்டின் கதை புரிந்துவிட்டது. இனி வளைவைப் பார்க்கிறேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 2024இல் ஃபெஞ்சல் வந்ததே, அது நீங்கள் சொன்ன அளவில் கீழ்ப் படியில்தானே நின்றிருக்கும்? பெரிய கண்ணும் இல்லை, சுருளும் இல்லை. கரையைக் கடந்து அடங்கிவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் எங்கள் மலையில் வானம் பிளந்தது. செடிகளுக்கு இடையே ஓடை ஓடியது. களத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த காபி, அடியில் புகுந்த தண்ணீரில் ஊறியது. கஜா வந்தபோதோ எங்களுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. உங்கள் எண் எனக்கு எதைத்தான் சொல்கிறது?


பழைய வரைபடம், அஸ்தம்பட்டி எழுதியது:

உங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

டி எண் மையத்தை ஒட்டிய காற்றுக்கு மட்டும். அதில் மழை கிடையாது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுபவருக்கும், படகு கட்டுபவருக்கும், வேதாரண்யத்தில் தென்னை வைத்திருப்பவருக்கும் அது உயிர் போன்ற எண். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா அங்கே தென்னைகளைச் சாய்த்தது காற்றால். ஃபெஞ்சல் நவம்பர் 29 பிற்பகல் வரை புயல் என்ற பெயரையே எட்டவில்லை. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் காற்று மணிக்கு 70, 80 கி.மீ.தான். ஆனால் கடந்த பிறகு நகராமல் அங்கேயே மணிக்கணக்காகக் குந்திக்கொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. பிறகு மெதுவாக உள்ளே நகர்ந்து, டிசம்பர் 2 காலை வரையிலான ஒரு நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. அந்த நேரத்தில் அதற்குப் புயல் என்ற பெயர்கூட இல்லை. ஊத்தங்கரைக்கு உங்கள் மலை எவ்வளவு பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுழற்சி வலுவிழந்தாலும் அது கடலிலிருந்து இழுத்து வந்த ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. அந்த ஈரக்காற்று சேர்வராயன் மலைச் சரிவில் மோதி மேலே ஏறும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். 5,000 அடி உயரத்தில் இருப்பவர்களுக்குச் சமவெளிக்காரரைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. சென்னை ரேடாரின் கதிர் நம் பக்கம் வந்து சேர்வதற்குள் பல கி.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. மலை மேல் தாழ்வான மேகத்திலிருந்து பெய்யும் மழையை அது முழுதாகப் பார்ப்பதில்லை. கரையைக் கடந்ததும் துவோராக் முறையும் செல்லாது. அது கடலுக்கு எழுதியது.

ஆகவே அறிக்கையில் நீங்கள் தேட வேண்டிய வரி வேறு. 'கடந்த ஆறு மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கி.மீ. வேகத்தில் நகர்ந்தது' என்று தொடக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். 15, 20 என்றால் போய்விடும் விருந்தாளி. 5, 7 என்றாலோ, 'ஏறக்குறைய நகராமல்' என்று எழுதியிருந்தாலோ, எண் 2 என்றாலும் அலட்சியம் வேண்டாம். அடுத்து அது போகும் பாதை உங்களுக்கு வடக்கேயா தெற்கேயா என்று பாருங்கள், பிறகு மாவட்ட மழை எச்சரிக்கையைப் பாருங்கள். காற்றின் வேகத்தைக் கடைசியில் படித்தால் போதும்.

பறிப்பதா வேண்டாமா என்பதில் நான் தலையிட மாட்டேன். அது உங்கள் மேஸ்திரியின் துறை.


குப்பனூர் ஜீப் எழுதியது:

பெரியவர் சொல்வது அப்படியே உண்மை. அந்த முறை அடிவாரத்திலிருந்து மேலே போகும் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். எல்லா வண்டிகளும் எங்கள் குப்பனூர் வழியைத்தான் நம்பின. காற்று என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மரம் விழுந்ததெல்லாம் வேர் மண் கரைந்து விழுந்தது. தோட்டக்காரர் அண்ணா, பறித்தாலும் பறிக்காவிட்டாலும் சரக்கைக் கீழே இறக்குவதாக இருந்தால் மழை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாள் மழையை மலை தாங்கும். இரண்டாம் நாள் மழைக்குத்தான் மண் இளகும். அப்போது நான் வண்டி எடுக்க மாட்டேன்.


கொண்டலாம்பட்டிக்காரர் எழுதியது:

ஊத்தங்கரைக்கு 50 செ.மீ. என்றால் அன்று எங்கள் வேட்டி காயாமல் கிடந்ததற்கும் கணக்கு சரியாக வருகிறது. பெரியவரிடம் ஒரு சந்தேகம்: சிவப்பைப் பார்க்கக் கூடாது என்றால், படத்தில் மழையை எப்படித்தான் பார்ப்பது?


பழைய வரைபடம், அஸ்தம்பட்டி எழுதியது:

ஒரே படத்தில் பார்க்க முடியாது. குளிர்ந்த கூரை இருக்கும் இடத்திலெல்லாம் மழை பெய்வதில்லை. விரிந்த பனிமேகத்துக்கு அடியில் காய்ந்து கிடக்கும் ஊர்கள் எத்தனையோ. மழை பெய்யும் இடத்திலெல்லாம் குளிர்ந்த கூரையும் இருப்பதில்லை. தொடர்ந்து மூன்று, நான்கு மணி நேரம் புதிய திட்டுகள் ஒரே இடத்தில் முளைத்து முளைத்து மேற்கே நகர்ந்தால், முளைக்கும் இடத்துக்கு அடியில் இருப்பவர்கள் நனைகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் படத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நின்ற படத்தைப் பார்த்து மழை சொல்பவரிடம் குடை மட்டும் வாங்குங்கள், ஆலோசனை வாங்காதீர்கள்.


நாகலூர்த் தோட்டம் எழுதியது:

குப்பனூர்த் தம்பி, எண்ணைத் தனியாக அனுப்புகிறேன், பேசுவோம். ஐயாவிடம் கடைசியாக ஒன்று. படத்தின் மூலையில் '0000 யுடிசி' என்று போட்டிருக்கிறது. அது நள்ளிரவுப் படம்தானே? அதைப் பார்த்துத்தான் நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேனா?


பழைய வரைபடம், அஸ்தம்பட்டி எழுதியது:

அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 0000 என்றால் நமக்குக் காலை 5.30. நம் நள்ளிரவுப் படத்தில் முந்தைய தேதியும் 1830 என்ற நேரமும் இருக்கும். நான் சொன்ன சாய்வு வெயில் படம் வேண்டுமென்றால் 0130, 0200 என்று போட்டிருப்பதைத் திறங்கள், காலை 7, 7.30க்கு எடுத்தது. மாலையில் 1130க்கு மேல் சாதாரண ஒளிப் படம் இருட்டிவிடும்; அதன்பின் அகச்சிவப்புதான்.